தானாகச் சேர்ந்த லீவு

திருப்பனந்தாள் வட்டாரத்தில் வெளிநாடு போகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் இரண்டு இடங்களுக்குப் போவார்கள். ஒன்று, அவரவர் சாமி. இன்னொன்று, கடைத்தெருவில் இருக்கும் ஜெயபாரதியின் ஜெராக்ஸ் கடை.

ஒப்பந்தக் காகிதத்தை நகல் எடுக்க நீட்டினால் அவள் உடனே மெஷினில் வைத்துவிட மாட்டாள். மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள். சம்பளம் எவ்வளவு என்று பார்க்க மாட்டாள். "லீவுக்கு என்ன வார்த்தை போட்டிருக்கான்னு பார்ப்போம்" என்று பக்கங்களைப் புரட்டுவாள். ஒரு இடத்தில் விரல் நிற்கும். முகம் மலரும். பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

"அக்ரூன்னு போட்டிருக்கு தம்பி. உம் பேரை மறந்தாலும் இந்த வார்த்தையை மறக்காத."

அந்த வார்த்தையை அவள் கண்டுபிடித்தது 1997-இல். கண்டுபிடிக்க வைத்தது ஒரு பையனின் தலைப் பின்னல்.

பையன் பெயர் செழியன். ஜெயபாரதியின் நாத்தனார் மங்களாம்பிகையின் மகன். அணைக்கரையில் வாழ்க்கைப்பட்ட மங்களாம்பிகைக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. குலதெய்வத்துக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும். அதற்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன், அதாவது ஜெயபாரதியின் கணவன் செந்தில்குமார், பிள்ளைக்குத் தலை நிற்பதற்கு முன்பே வளைகுடாவுக்குப் போய்விட்டான். அங்கே கட்டடங்களுக்கு ஏசி குழாய் பொருத்துகிற வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து புதுப்பித்தும் ஆயிற்று. மாமன் வரவில்லை. முடி மட்டும் வளர்ந்தது.

முதலில் நெற்றியில் விழுந்தது, ரப்பர் போட்டார்கள். பிறகு தோளில் விழுந்தது, குடுமி போட்டார்கள். இப்போது முதுகில் இறங்கி, இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக நின்றது. பஸ்ஸில் கண்டக்டர், "பாப்பா, உள்ள தள்ளி உக்காரு" என்பார். "நான் பாப்பா இல்ல, செழியன்!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கும் அந்தப் பின்னலுக்கும் பொருத்தமே இருக்காது.

ஜூன் மாதம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பின்னலோடு போனால் வகுப்பே அவனை என்ன பாடுபடுத்தும் என்று மங்களாம்பிகைக்கு இப்போதே தூக்கம் போயிருந்தது. செந்தில்குமாரின் பெரியப்பா மகன் வீரையன் ஒரு யோசனை சொன்னான்.

"நானும் மாமன்தானே அக்கா? என் மடியில வச்சு அடிச்சிருவோம்."

"ஒன் மடியில வெத்திலைச் சாறுதான் இருக்கும். கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் எதுக்குடா ஒன் மடிக்கு வரணும்?"

கூடப் பிறந்தவன் மேல் இருந்த கோபம் ஜெயபாரதியின் தலையில்தான் விடிந்தது.

"மாசாமாசம் டிராஃப்ட் வந்தா ஒனக்குப் போதும். தம்பி வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றாள் மங்களாம்பிகை, தை மாத அறுவடைக்கு வந்திருந்தபோது, களத்தில் எல்லோர் முன்னாலும்.

"நான் என்ன அண்ணி, அவரை அங்கேயே கட்டியா போட்டிருக்கேன்?"

"கட்டிப் போட்டிருந்தாத்தான் அவுத்து விட்டுருப்பேனே!"

களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயபாரதியும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதாள். அவளுக்கு மட்டும் அவன் வர வேண்டாமா? கல்யாணமாகி ஒரு தீபாவளிதான் சேர்ந்து கொண்டாடியிருந்தார்கள். வருகிற ஜூனுக்குள் அவனை எப்படியாவது வரவழைத்து, அந்தப் பிள்ளையை அவன் மடியில் உட்கார வைத்து, அண்ணியின் வாயை அடைக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செந்தில்குமார் கூப்பிடுவான். ஜும்மா தொழுகை முடிந்து வந்து காதர் மைதீன் தன் எஸ்டிடி பூத்தைத் திறப்பார். வெளிநாட்டு அழைப்புகள் வரத் தொடங்கும். பெஞ்சில் மனைவிமார்கள், அம்மாமார்கள். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது என்பதால் ஒரு வீட்டுச் சேதி எல்லா வீட்டுச் சேதியாகிவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"என்னங்க, லீவு கேட்டீங்களா?"

"என் முறை போன வருஷமே போயிடுச்சே பாரதி. சொன்னேன்ல?"

அவன் சொன்ன கதை இதுதான். அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் பாதிப் பேர் நம் டெல்டாக்காரர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் லீவு கேட்டால் வேலை நின்றுவிடும் என்பதால் அவர்களே கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை இன்னார், அடுத்தது இன்னார். செந்தில்குமாரின் முறை வந்தபோது அவன் அதை அல்லா பிச்சை என்பவருக்கு விட்டுக்கொடுத்தான். அவர் தங்கைக்குக் கல்யாணம். விட்டுக்கொடுத்தது போனதுதான். மறுபடி சுற்றி வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

"விட்டுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாதாங்க?"

"நல்லாக் கேட்ட போ. வாய்க்கால்ல உன் முறைக்கு நீ மடை திறக்கலன்னா, அடுத்த வாரம் ரெண்டு மடங்கு தண்ணி குடுன்னு கேட்பியா? மம்பட்டியால போட மாட்டான்?"

ஜெயபாரதிக்கு அவன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. மண்ணியாற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். தன் முறையில் தூங்கிவிட்டவன் வயல் காயும். அதற்கு யாரும் பொறுப்பில்லை. அந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

அந்த வருஷம் அவள் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெரு மாடியில் ஃபிளோரா டீச்சரின் பயிலகம். பத்து மெஷின்கள் ஒரே நேரத்தில் அடித்தால் கீழே இருக்கிற மளிகைக் கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொள்வார். ஃபிளோரா டீச்சர் காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து முதல் வகுப்பைத் தொடங்குவார். ஆங்கிலத்தில் கெட்டிக்காரர், ஆங்கிலத் தப்பில் கறார். புத்தகப் பயிற்சி முடித்தவர்களிடம், "வீட்ல இங்கிலீஷ்ல எது அச்சடிச்சிருந்தாலும் எடுத்துட்டு வாங்க. அதைப் பாத்து அடிச்சாத்தான் ஸ்பீடு வரும்" என்பார். ஒருத்தி இருமல் மருந்துக் காகிதம் கொண்டுவந்தாள். ஒருவன் டிவிப் பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஜெயபாரதி வீட்டில் இருந்தது செந்தில்குமாரின் ஒப்பந்த நகல்தான்.

அடித்துக்கொண்டே வந்தவள் லீவு என்று இருந்த இடத்தில் நின்றாள். அதற்கடுத்து ஒரு வார்த்தை. அக்ரூ. ஏ ஒன்று, சி இரண்டு. விரல் தடுமாறியது. திரும்ப அடித்தாள். நான்காம் தடவை எழுந்து டீச்சரிடம் போனாள்.

"இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

"சேர்த்தல்" என்றார் டீச்சர், வேறொருத்தியின் தாளில் சிவப்புப் பேனாவை ஓட்டியபடி.

"யாரு சேர்க்கிறது? கம்பெனியா, இவரா?"

சிவப்புப் பேனா நின்றது. ஃபிளோரா டீச்சருக்கு நல்ல கேள்வி என்றால் உயிர். அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கினார். தூசி தட்டினார். படித்தார். ஒப்பந்தத்தை வாங்கி அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். அதற்குள் பத்து மெஷின்களும் நின்றுவிட்டன.

"நான் சொன்னது சரியில்லம்மா. யாரும் சேர்க்கிறதில்ல. அதுவாச் சேருது. நாம சம்பாரிச்சு உண்டியல்ல போட்டு வச்சா அதுக்கு வேற வார்த்தை, அக்யுமுலேட். அங்க நம்ம கை இருக்கு. இதுல கையே இல்ல. பேங்க்ல போட்ட பணத்துக்கு வட்டி ஏறுது பாரு, நீ தூங்கினாலும் ஏறுது, அதுக்குத்தான் அக்ரூ. யாருக்குச் சேருதுன்னு சொல்லணும்னா பின்னாடி 'டு'ன்னு போடணும். இங்க உன் வீட்டுக்காரருக்குச் சேருது. வேலை பார்த்த ஒவ்வொரு மாசத்துக்கும் லீவு கொஞ்சம் கொஞ்சமாச் சேருதுன்னு போட்டிருக்கு. எடுக்காத லீவு அடுத்த வருஷத்துக்கும் நிக்கும்னு கீழ தனியாவே போட்டிருக்கு."

"எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடாதா?"

"எப்படிப் போகும்? அது அவருக்குச் சேர்ந்ததாச்சே."

ஜெயபாரதியின் மனம் வயலுக்குப் போயிருந்தது. வாய்க்கால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், ஓடும், போய்விடும். ஆனால் போன ஐப்பசியில் கொள்ளிடம் பெருகி வடிந்தபோது படுகை நிலத்தில் ஒரு படலம் மண் நின்றது. அதற்கு முந்தின வெள்ளத்தில் ஒன்று. அதற்கும் முன்னால் ஒன்று. யாரும் கூடையில் அள்ளிக் கொட்டவில்லை. யாரும் முறை கேட்கவில்லை.

"வண்டல் மாதிரியா டீச்சர்?"

"வண்டல் படியறதுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கு" என்றார் டீச்சர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் புரிஞ்சுக்கிறதுக்கு அப்படியே வச்சுக்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவள் ஆறு நாளும் காத்திருந்தது காதர் மைதீனுக்கே தெரியும். பூத் திறப்பதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஃபிளோரா டீச்சரும், வார்த்தை எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிற ஆசையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உங்க லீவு எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு!"

"எங்க இருக்கு?"

"கம்பெனில. அக்ரூ ஆயிருக்கு."

"என்ன ரூ?"

"அக்ரூ! நீங்க விட்டுக்கொடுத்தது எப்பப் போகணும்ங்கிற முறையைத்தான். லீவை இல்ல. லீவு தண்ணி இல்லங்க, வண்டல். நீங்க பாட்டுக்குக் குழாய் மாட்டிக்கிட்டு இருந்தீங்க, அது பாட்டுக்குச் சேர்ந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஒரு படலம் மண்ணு நிக்குது!"

அந்தப் பக்கத்துக் குரல் இறங்கியது. "யாரு சொன்னா?"

"நீங்க கையெழுத்துப் போட்ட காகிதமே சொல்லுது."

"அதை யாரு படிச்சா? எல்லாரும் கடைசிப் பக்கத்துல கையெழுத்துதானே போட்டோம்." இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குச் சேர்ந்ததாவே இருக்கட்டும். நான் மட்டும் போய்க் கேட்டா, முறை தாண்டிட்டான்னு பசங்க நினைப்பானுங்க பாரதி. நான் எப்படி அவனுங்க முகத்துல முழிக்கிறது?"

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்து தொலைத்தது. இவன் இப்படிப்பட்டவன் என்பதால்தானே இவனுக்காக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க மட்டும் ஏன் கேட்கணும்? எல்லாரையும் கூட்டி வச்சுச் சொல்லுங்க. அவங்களுக்கும் சேர்ந்துதானே இருக்கும்?"

பிறகு கம்பெனி ஆபீசில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் கதவிடுக்கில் தலையை விட்டுத் திருத்தினார்.

"சொல்லுங்க. மை லீவ் ஹேஸ் அக்ரூட்."

"மை லீவ் ஈஸ் அக்ரூ..."

"ஈஸ் இல்ல, ஹேஸ்!" என்றார் டீச்சர்.

"ஹேஸ்!" என்றது பெஞ்சு. தங்கள் வீட்டு அழைப்புக்காகக் காத்திருந்த ரசியா பேகமும் அமலோற்பவமும் அதற்குள் மனப்பாடம் செய்திருந்தார்கள். அன்று சாயங்காலம் அந்தப் பூத்திலிருந்து வளைகுடாவின் நாலைந்து கேம்புகளுக்கு ஒரே வாக்கியம் போனது.

"சீக்கிரம் வைங்கம்மா, வெளிய ஆளு அக்ரூ ஆகுது" என்று காதர் மைதீன் சத்தம் போட்டார்.

"கூட்டத்துக்கு அது வராது காதர் பாய்" என்றார் டீச்சர். "கூட்டம் கூடும். அக்ரூ ஆகாது."

"எனக்கு எதுவோ ஒண்ணு ஆகுது டீச்சர், கதவை விட்டு நகருங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மங்களாம்பிகை செழியனைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், ஜெயபாரதியின் கண் முன்னால் அவனுக்குத் தலை பின்னிவிட்டுப் போனாள். ரிப்பன் புதுசு. நீளமானது.

பங்குனி வெயில் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை, காதர் மைதீன் ஆள் அனுப்பவில்லை, தானே சைக்கிளில் வந்தார். "ஓடியாங்கம்மா, லைன்ல இருக்காரு. சிரிச்சுக்கிட்டே இருக்காரு, ஒண்ணும் புரியல."

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. முடிவு தெரியாமல் கூப்பிடக் கூடாது என்றுதான் இத்தனை வாரம் இருந்திருக்கிறான். செந்தில்குமார் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருக்கிறான். பெட்டிகளுக்கு அடியில் கிடந்த ஒப்பந்தங்கள் எல்லாம் வெளியே வந்திருக்கின்றன. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஆபீஸ் வாசலில் வரிசை. ஒவ்வொருவராக உள்ளே போய் மை லீவ் ஹேஸ் அக்ரூட், மை லீவ் ஹேஸ் அக்ரூட். கணக்குப் பார்க்கிறவர் தலையில் கை வைத்துவிட்டார்.

"அவர் என்ன சொன்னாருங்க?"

"அந்தக் கூத்தை ஏன் கேட்கிற! 'உங்க ஆளுங்க மட்டும் ஏன் அதிகம் லீவு கேட்கிறதில்லன்னு நாங்களே பேசிக்குவோம். ரொம்பப் பிடிச்சுப்போய் இருக்கீங்கன்னு நினைச்சோம்'ங்கிறாரு. கம்பெனி போடாத சட்டத்தை நாமளே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம் பாரதி!"

எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதென்று கம்பெனி சொன்னது. அதுவும் நியாயம்தான். அதனால் மறுபடி முறை வைத்தார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு மட்டும் முறை. யார் பங்கும் யாருக்கும் போகாது. முதல் ஆளாக யார் போவதென்று பேச்சு வந்தபோது அல்லா பிச்சை எழுந்து நின்றாராம். "எனக்கு விட்டுக்கொடுத்தவன் போகாம இங்க ஒரு பய பெட்டி கட்டக் கூடாது" என்றாராம்.

"அப்ப வர்றீங்களா?"

"சித்திரைக் கடைசியில. மூணு மாசம் இருப்பேன். என்னை வச்சுச் சமாளிச்சிருவியா?"

பெஞ்சு கை தட்டியது. ஜெயபாரதி போனை வைத்த பிறகும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். காதர் மைதீன் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே கூட்டம் கூடியும்.

கொள்ளிடக் கரையில், குலதெய்வம் கோயில் வாசலில், பந்தல். இரண்டு வேன் சனம். பொங்கல் கொதிக்கிறது, கிடா வெட்டியாயிற்று. தாய்மாமன் செந்தில்குமார் பட்டு வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டார். எல்லாம் தயார், பிள்ளையைத் தவிர.

செழியன் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றான். மாமன் என்றால் அவனுக்கு போட்டோவில் இருக்கிற ஆள். இந்தக் கறுத்துப்போன மனுஷனை அவனுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், பின்னலை விட அவனுக்கு மனசில்லை. "என் முடி! என்னோடது!" என்று கத்தியது அக்கரைக்குக் கேட்டிருக்கும். மங்களாம்பிகை கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"என் மடிக்கு வேணா வருவானான்னு பாக்கட்டுமா அக்கா?" என்று வீரையன் வேறு கேட்டான்.

செந்தில்குமார் எழுந்து போய்ப் பந்தல்காலுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான். பட்டு வேட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் தலையைக் குனிந்து காட்டினான். முன்னந்தலையில் கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது.

"மாமா தலையத் தொட்டுப் பாரு. மாமாவுக்கு இனிமே வராது. உனக்கு அப்படியில்லடா."

செழியன் அழுகையை நிறுத்தித் தொட்டுப் பார்த்தான். "எனக்கு வருமா?"

"வந்துகிட்டே இருக்கும்."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நீ தூங்குவ, அது வரும். விளையாடுவ, அது வரும். உன்னோடதை யாரும் எடுத்துக்க முடியாது. அது உனக்குன்னே சேரும்."

கூட்டத்தில் ஜெயபாரதி ஃபிளோரா டீச்சரைத் தேடினாள். டீச்சர் பொங்கல் பானைக்கு அந்தப் பக்கம் நின்று, அகராதியில் தான் விட்ட ஒன்றைக் கேட்டுவிட்டவர் போல, தலையாட்டிக்கொண்டிருந்தார்.

செழியன் யோசித்தான். பிறகு பந்தல்காலை விட்டுவிட்டுத் தானாகவே மாமன் மடியில் ஏறினான். கத்தி இறங்கியது. பின்னல் ரிப்பனோடு தட்டில் விழுந்தது. காது குத்தும்போது மட்டும் ஒரு கத்தல், அதற்கும் மாமன் வாங்கி வந்த சாக்லேட் வாயை அடைத்தது. மங்களாம்பிகை மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து ஜெயபாரதியின் கையைப் பிடித்தாள்.

"கட்டிப் போட்டிருந்தா அவுத்து விட்டுருப்பேன்னு சொன்னேன்ல, மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கல அண்ணி. ஆனா மூணு மாசத்துக்குக் கட்டித்தான் போடப்போறேன்."

செந்தில்குமார் சொன்னபடியே மூன்று மாதம் இருந்தான். நாற்றங்கால் விட்டதைத் தப்பு என்றான், வரப்பு வெட்டியதைத் தப்பு என்றான், அவள் சிரித்துக்கொண்டே தன் இஷ்டப்படி செய்தாள். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஊராக ஆள் வந்து இறங்கினார்கள். ரசியா பேகத்தின் வீட்டுக்காரர் ஆடியில் வந்தார், அமலோற்பவத்தின் மகன் கிறிஸ்துமஸுக்கு வந்தான். வந்தவர்கள் போகும்போது புதிதாகப் போகிறவர்களையும் ஜெயபாரதியிடம் அனுப்பினார்கள். அப்படித்தான் மாடியில் இருந்த ஒரு மெஷின் கீழே அவள் புதிதாகப் போட்ட கடைக்கு வந்தது, பிறகு ஜெராக்ஸ் வந்தது, பிறகு பெயர்ப்பலகை வந்தது.

அதற்கெல்லாம் முன்பே, அந்த ஜூன் மாதம் செழியன் பள்ளிக்கூடம் போனான். மொட்டைத் தலையில் கறுப்பாக முள் முள்ளாகத் துளிர்த்திருந்தது. பக்கத்தில் இருந்த பையன் தடவிப் பார்த்து, "மொட்ட!" என்றான். செழியன் அசரவில்லை.

"மொட்ட இல்லடா. அக்ரூ ஆகுது."

முடிக்கு அந்த வார்த்தை வராது என்று ஃபிளோரா டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். ஜெயபாரதி இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.